வருங்கால மாமியாருடன் தியூத் தீவில்

தியூவில் பருப்புக்குச் சர்க்கரை போடுகிறார்கள். முதல் கவளத்திலேயே புவனா ஆன்டியின் கை நின்றுவிட்டது. தட்டைப் பார்த்தார், பரிமாறியவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பாயசத்தை முதல்ல ஊத்திட்டான் போல, பிள்ளை."

"அதுதான் ஆன்டி பருப்பு."

கைப்பையிலிருந்து ஒரு குட்டிப் போத்தல் வெளியே வந்தது. பிளாஸ்டிக் பையில் சுற்றி ரப்பர் வளையம் போட்டிருந்தது. உள்ளே வீட்டில் வறுத்து அரைத்த மிளகாய்த்தூள். தன் தட்டில் தூவிக்கொண்டு என் தட்டிலும் தூவினார். அதன் பிறகு இருவரும் தட்டைக் காலி செய்தோம். நன்றாகவே இருந்தது.

புவனா ஆன்டி என் வருங்கால மாமியார். கோலாலம்பூரில் நில அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பிரிக்ஃபீல்ட்ஸில் சொந்த வீட்டில் இருக்கிறார். கணவர் இல்லை. பழைய அலுவலகத் தோழி ஒருவர் தியூ போய்வந்து காட்டிய படங்களைப் பார்த்ததிலிருந்து அந்தக் கோட்டையை நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவருடைய மகன் ரமணன் கூட்டிப் போவதாக இருந்தது. கிளம்ப இருந்த வாரத்தில் அவனுடைய விடுமுறை ரத்தாகிவிட்டது. "நீ போய்ட்டு வாயேன்" என்றான். எங்கள் கல்யாணத்துக்கு இன்னும் சில மாதங்கள்தான் இருந்தன.

"கட்டிக்கிறதுக்கு முன்னாடியே மாமியார் கூட ஊர் சுத்துறவ உலகத்துலேயே நீ ஒருத்திதான்டி" என்றாள் எங்கள் ஊரான காப்பாரில் என் அம்மா. ஆனாலும் வழிக்கு முறுக்கு கட்டிக்கொடுத்தாள்.

நான் காப்பாரில் ஒரு மின் நிலையத்தில் கருவிப் பொறியாளர். எதற்கும் பட்டியல் போடுகிறவள். தியூவுக்கும் போட்டேன்: கோட்டை, தேவாலயங்கள், நகர வாசல், நைடா குகைகள், கடலுக்குள் இருக்கும் சிவலிங்கங்கள், நாகோவா கடற்கரை. கடைசியில் ஊருக்குச் சம்பந்தமில்லாத ஒரு வரி: சுபாங் ஜெயா, சொல்ல வேண்டும்.

விஷயம் இதுதான். மின் நிலையத்தில் ஏதாவது பழுது என்றால் எந்த நேரத்திலும் என்னைக் கூப்பிடுவார்கள். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து நெரிசலில் காப்பார் போய்ச் சேர்வதற்குள் பழுது தானே சரியாகிவிடும். ரமணனுக்கு வேலை கோலாலம்பூரில். அதனால் நடுவில், சுபாங் ஜெயாவில், வாடகைக்கு வீடு எடுப்பது என்று இருவரும் முடிவு செய்திருந்தோம். அதைத் தன் அம்மாவிடம் சொல்வது ரமணனின் பொறுப்பு. இந்த வாரம், அடுத்த வாரம் என்று போய், கடைசியில் விமான நிலையத்தில் என் காதில் மட்டும் கேட்கும்படி, "நீயே நல்ல நேரம் பாத்து சொல்லிடேன். உன்கிட்ட கோவிக்க மாட்டாங்க" என்றான்.

வீட்டுக்கு வரவேண்டிய மருமகள், நான் வரமாட்டேன் என்று சொல்லத் தோதான இடம் எது என்று எந்தப் பயண வழிகாட்டியிலும் எழுதவில்லை.

தியூ, குஜராத்தின் தெற்கு விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னத் தீவு. போர்த்துகீசியர் கையில் நானூறு ஆண்டுகளுக்கும் மேல் இருந்தது. குஜராத்தில் மது கூடாது. பாலம் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் தெருவுக்குத் தெரு பார். வருகிறவர்களில் பாதிப் பேர் கோட்டைக்காக வருவதில்லை. காலைச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து மேசையில் ராஜ்கோட்காரர்கள் இருவர் பேசிச் சிரித்தார்கள். விடுதிக்காரர் அதை எங்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னார். ஒருவர், "டிபன் ஆச்சா?" என்று கேட்டாராம். மற்றவர், "ரெண்டு ஆச்சு, மூணாவதுக்கு ஐஸ் வரணும்" என்றாராம்.

"எங்கட ஆபிஸ் ஃபேமிலி டே மாதிரியே இருக்கு" என்றார் ஆன்டி.

முதல் நாள் முழுவதும் ஊருக்குள் சுற்றினோம். கிஷோர் என்ற ஆட்டோக்காரரை நாள் வாடகைக்குப் பேசிக்கொண்டோம். நகர வாசலில் சிங்கங்களும் சிறகு வைத்த தேவதைகளும் செதுக்கியிருக்கிறார்கள். சிங்கத்தைப் பார்த்தால் அதைச் செதுக்கியவர் சிங்கத்தைப் பார்த்ததில்லை என்று தெரிகிறது. புனித பவுல் தேவாலயத்தின் முகப்பு கல்யாண கேக்கைப் போல அடுக்கடுக்காக இருக்கிறது. உள்ளே கருத்த மரவேலைப்பாடு, தேன்மெழுகு வாசனை, எங்களைத் தவிர ஒரு கிழவர். இதே போர்த்துகீசியர் ஆண்ட எங்கள் நாட்டு மலாக்காவிலும் புனித பவுல் பெயரில் குன்றின் மேல் ஒரு தேவாலயம் உண்டு. அதற்குக் கூரை கிடையாது. மலாக்காவில் கோட்டைக்கும் ஒற்றை வாசல்தான் மிச்சம், அதன் முன்னால் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்வோம். இங்கே எல்லாம் முழுசாக இருக்கிறது, வரிசைதான் இல்லை.

ஆன்டி தேவாலயத்தைப் பார்த்ததைவிட வீடுகளைப் பார்த்ததுதான் அதிகம். மஞ்சளும் நீலமுமாகப் பழைய போர்த்துகீசியப் பாணி வீடுகள், மர பால்கனிகள், பாதிக்கு மேல் பூட்டிக் கிடந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார்.

"கேளு பிள்ளை, கிரான் யார்ட பேர்ல இருக்கு?"

கிரான் என்றால் எங்கள் ஊரில் நிலப் பத்திரம். நில அலுவலகத்தில் இருந்தவருக்கு அதைக் கேட்காமல் ஒரு சுவரைக்கூடப் பார்க்க முடியாது போல. எனக்குத் தெரிந்த தொடர்நாடக இந்தியில் கேட்டேன்.

"ஓனர் லிஸ்பன் மேடம்" என்றார் கிஷோர். "அங்கேயிருந்து லண்டன். என் அண்ணனும் அங்கதான். இந்த ஊர்ல எல்லாருக்கும் ஒரு அண்ணன் அங்க இருக்கான்." போர்த்துகீசியர் காலத்தில் பிறந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அந்த நாட்டுக் கடவுச்சீட்டு எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்களாம்.

நடுநடுவே ஆன்டி என்னிடமும் கேள்விகள் கேட்டார். என் வீட்டில் மேல்மாடியில் எத்தனை அறை? அப்பா காலையில் எப்போது எழும்புவார், ரேடியோவைச் சத்தமாக வைப்பாரா? காப்பாரில் குழாய்த் தண்ணீர் அடிக்கடி நின்றுபோகுமா? அம்மா கருவாடு பொரிப்பாரா, வாரத்துக்கு எத்தனை முறை? நான் ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னேன். உள்ளுக்குள் கணக்குப் போட்டேன். மருமகள் எந்தப் பழக்கங்களையெல்லாம் தன் வீட்டுக்குள் கொண்டுவரப் போகிறாள் என்று பார்க்கிறார். கருவாட்டுக்கு மட்டும் கொஞ்சம் குறைத்துச் சொன்னேன்.

இரண்டாம் நாள் நைடா குகைகள். கோட்டை கட்டக் கல் வெட்டி எடுத்து எடுத்து உண்டான பள்ளங்கள் இவை. மேலே ஆங்காங்கே திறந்திருப்பதால் வெளிச்சம் கற்றை கற்றையாக விழுகிறது. மர வேர்கள் அதன் வழியே கீழே இறங்கியிருக்கின்றன. எந்தப் பக்கம் திரும்பினாலும் இன்னொரு அறை.

"பத்துமலைன்னா படி இருக்கும், குரங்கு இருக்கும், கடைசில முருகன் இருப்பார்" என்றார் ஆன்டி. "இங்க சும்மா வந்துட்டுப் போலாம் போல. முட்டிக்கு நல்லது."

ஒரு ஜோடி கல்யாணத்துக்கு முந்தைய படம் எடுத்துக்கொண்டிருந்தது. பெண் இளஞ்சிவப்பு கவுனை இரண்டு கைகளிலும் அள்ளிப் பிடித்திருந்தாள். மாப்பிள்ளை வியர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். படக்காரர், "பாட்ஷா மாதிரி நில்லுங்க சார்" என்று கெஞ்சினார். மாப்பிள்ளை வங்கி வரிசையில் நிற்பவனைப் போலவே நின்றான்.

"நீங்க ரெண்டு பேரும் இந்த மாதிரி எடுத்தீங்களா?"

"டைம் கிடைக்கலை ஆன்டி."

"நல்லது. வேஸ்ட் லா."

ஆள் இல்லாத ஓர் அறையில் இப்போது சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். "ஆன்டி" என்றதும் குகை நான்கு பக்கமும் அதையே திருப்பிச் சொன்னது. இங்கே சொன்னால் அவர் அதைப் பல முறை கேட்க வேண்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

வெளியே வந்தபோது ஆட்டோ கிளம்பவில்லை. கிஷோர் உதைத்தார், தட்டினார், அதனிடம் குஜராத்தியில் ஏதோ சொன்னார். "அஞ்சே நிமிஷம் மேடம்" என்றவர், அந்த ஐந்து நிமிஷமும் முடிவதற்குள், தன் மச்சான் ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிறார் என்று தகவல் சொன்னார். மச்சான் ஏற்கெனவே தெருமுனையில் நின்றார். எனக்குச் சந்தேகம்தான். ஆனால் காப்பாரில் பத்தாம் வகுப்பிலிருந்து மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறேன், பன்னாட்டு உரிமமும் கையில் இருந்தது.

"நான் இதுல ஏறி இருபது வருஷம் இருக்கும்" என்றார் ஆன்டி. ஆனால் நான் சாவியை வாங்குவதற்கு முன்பே பின்னிருக்கையைத் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

தியூவில் யாரும் ஹெல்மெட் போடுவதில்லை. நான் இரண்டு கேட்டேன். மச்சான் கடைக்குள் போய்த் தூசி தட்டி எடுத்துவந்தார். "கொண்டை நசுங்கும்" என்றார் ஆன்டி. நசுங்கியது.

கங்கேஸ்வரர் கோயிலுக்குப் போனோம். கோயில் என்பது கடலோரப் பாறை இடுக்கு. படி இறங்கினால், பாறையில் ஐந்து சிவலிங்கங்கள். அலை ஏறி வந்து ஐந்தையும் மூழ்கடித்துவிட்டு இறங்குகிறது. பூசாரி தேவையில்லை, அபிஷேகத்தைக் கடலே பார்த்துக்கொள்கிறது. ஆன்டி செருப்பைப் படியில் கழற்றி வைத்துவிட்டு, கண்ணை மூடி, ரொம்ப நேரம் நின்றார். கண்ணைத் திறந்தபோது ஒரு செருப்பு கடலுக்குள் போயிருந்தது. "சரி, வச்சுக்கொள்ளட்டும்" என்று சாமியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு ஸ்கூட்டரில் ஏறினார்.

நாகோவா போகும் சாலையில் வண்டிகள் குறைவு. இருபுறமும் ஹோக்கா மரங்கள். பனை இனம்தான், ஆனால் பாதியில் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகப் பிரிகிறது. காப்பாரில் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் வளர்ந்த எனக்குக் கிளை விடும் பனையைப் பார்க்க ஏதோ தவறு நடந்துவிட்டது போல இருந்தது. இடது பக்கம் கடல். பின்னால் இருப்பவரின் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவருக்குத் தெரியாது. இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று தோன்றியது.

"ஆன்டி, ஒரு விஷயம் சொல்லணும்."

"ரோட்டைப் பாத்து ஓட்டு."

"பாத்துட்டுத்தான் இருக்கேன். கல்யாணத்துக்கு அப்புறம் நான் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்கு வரலை. நானும் ரமணனும் சுபாங் ஜெயால வாடகைக்கு எடுக்கலாம்னு இருக்கோம்."

 பிறகு என் ஹெல்மெட்டில் செருப்பால் இரண்டு தட்டு.

"நிப்பாட்டு."

ஒரு ஹோக்கா மரத்தடியில் நிறுத்தினேன். ஆன்டி இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, கொண்டையைச் சரிசெய்தார். நான் இறங்கி ஸ்டாண்டைப் போட்டேன்.

"நீ ஏன் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்கு வரணும்?"

"அதான் ஆன்டி, வரலைன்னு…"

"இல்ல, ஏன் வரணும் எண்டு கேக்கிறன். அது வாணிட வீடு."

வாணி, ரமணனின் அக்கா. கல்யாணமாகி பெர்த்தில் இருக்கிறார்.

"எங்கட ஆக்கள்ல வீடு பொம்பிளைப் பிள்ளைக்குத்தான். அவள் சின்னவளா இருக்கேக்குள்ளேயே அவளுக்கு எண்டு வச்சாச்சு. ஆம்பிளைப் பிள்ளை கட்டின இடத்துல போய் இருப்பான். என்ட அவரும் எங்கட அம்மா வீட்டுக்குத்தான் வந்தவர். ரமணன் காப்பாருக்குப் போறான் எண்டு சொந்தக்காரர் எல்லாருக்கும் சொல்லியாச்சு."

"எங்க வீட்டுக்கா?"

"வேற எங்க? மேல் ரூமுக்கு."

நான் ஸ்கூட்டர் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். எத்தனை அறை, எப்போது எழும்புவார், எவ்வளவு கருவாடு. ஆன்டி சோதித்தது என்னை இல்லை. தன் மகன் போய் இருக்கப்போகும் வீட்டை.

நிச்சயதார்த்தம் நினைவுக்கு வந்தது. என் அப்பா, "இனிமே எங்க பொண்ணு உங்க வீட்டுப் பொண்ணு" என்றார். ஆன்டியின் தம்பி, "ரமணன் இனி உங்கட வீட்டுப் பிள்ளை" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். எதிரில் இருப்பவர் மரியாதைக்குச் சொல்கிறார் என்று இரண்டு பக்கமும் நினைத்துக்கொண்டு கேசரி சாப்பிட்டோம். ஆன்டியின் முன்னோர் இலங்கையிலிருந்தும் எங்கள் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்தும் மலேசியாவுக்கு வந்தவர்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். சாம்பாரில் தொடங்கித் தாலி வரைக்கும் வித்தியாசங்களைப் பேசித் தீர்த்திருந்தோம். கல்யாணம் முடிந்த அன்று யார் எந்தக் காரில் ஏறுவார்கள் என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

"ஆன்டி, எங்க அப்பாவுக்கு இது தெரிஞ்சா அவ்ளோதான். எங்க பக்கம் வீட்டோட மாப்பிள்ளைன்னா மளிகைக் கடைல கூடக் கேலி பண்ணுவாங்க."

"கேலியா? எங்கட பக்கம் பொம்பிளைக்கு வீடு குடுக்காட்டித்தான் கேலி." கொஞ்சம் யோசித்தார். "மெத்தை ஆர்டர் பண்ணிட்டேனே, பிள்ளை. குயின் சைஸ். நேரா காப்பாருக்கு வரும்."

"எங்க மாடிப்படில குயின் சைஸ் ஏறாது ஆன்டி."

முதலில் சிரித்தது அவர்தான். ஒரு கையில் செருப்பும் மறு கையில் ஹெல்மெட்டுமாக அவர் சிரிப்பதைப் பார்த்து, அந்த வழியே போன ஜீப்பிலிருந்து யாரோ கையாட்டினார்கள். சிரிப்பு அடங்கியதும் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே ஆள் நினைவுக்கு வந்தான்.

"காப்பார் போகணும் எண்டு நான் சொல்லேக்க, 'பாக்கலாம்மா' எண்டான்."

"என்கிட்ட, 'நான் அம்மாகிட்ட பேசிக்கிறேன்'னு சொன்னான்."

"அவன்ட அப்பாவும் இப்படித்தான். கடைசிவரைக்கும் பாக்கலாம், பாக்கலாம்."

நாகோவாவில் கடல் நிதானமாக இருந்தது. பிறை வடிவக் கடற்கரை, வறுத்த மீன், வாழைப்பழ வடிவ ரப்பர் படகில் அலறும் குடும்பங்கள். ஆன்டி பத்து நிமிஷம் பேரம் பேசிப் புதுச் செருப்பு வாங்கினார். அப்போது ரமணனின் குறுஞ்செய்தி வந்தது: எல்லாம் ஓகேயா?

"ஓகே எண்டு போடு" என்றார் ஆன்டி. "வேற ஒண்டும் போடாதே. கொஞ்சம் இருக்கட்டும்."

கடைசி நாளைக் கோட்டைக்கு ஒதுக்கியிருந்தேன். அன்று காலை எனக்கு மனசு லேசாக இருந்திருக்க வேண்டும். இருந்தது, ஆனால் பரிசோதனையில் எல்லா அளவும் சரியாக வந்தும் ஏதோ ஓர் இணைப்பு தளர்ந்திருப்பதாகத் தோன்றுமே, அப்படியும் இருந்தது. ஆன்டி அன்று யாருடைய கிரானையும் கேட்கவில்லை.

கோட்டை, தோழியின் படங்களில் பார்த்ததைவிடப் பெரியது. மூன்று பக்கம் கடல். நிலத்தின் பக்கம் பாறையைக் குடைந்த அகழி, அதற்குள் கடல்நீர். மதில்மேல் வரிசையாகப் பீரங்கிகள், ஒவ்வொன்றின் மேலும் யாராவது ஏறிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரை அவர் மனைவி, "இறங்குங்க, போன முறை கிழிஞ்சது போதும்" என்று இந்தியில் அதட்டினார். அது மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்தது. உச்சியில் கலங்கரை விளக்கம். மதிலிலிருந்து பார்த்தால், நடுக்கடலில் கப்பல் வடிவத்தில் இன்னொரு குட்டிக் கோட்டை, பானிக்கோட்டா. நாங்கள் போனபோது அதற்குப் படகு விடவில்லை.

ஆன்டி மதில் ஓரத்தில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

"வாணி வரமாட்டாள், பிள்ளை. பெர்த்ல வீடு வாங்கிட்டாள்."

"அப்போ பிரிக்ஃபீல்ட்ஸ் வீடு?"

"அவளுடதுதான். குடுத்தது குடுத்ததுதான். நான் பாத்துக்கொள்ளுவேன்." பானிக்கோட்டாவைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ரமணன் காப்பாருக்குப் போனா, சனிக்கிழமை சனிக்கிழமை வந்து உன்ட அம்மாவோட கதைச்சுக்கொண்டு இருந்துட்டு வரலாம் எண்டு நினைச்சிருந்தேன். சம்மந்தி வீட்டுக்குப் போறதுக்கு ஆரும் ஒண்டும் சொல்ல மாட்டினம். புதுசா கட்டினதுகள்ட வாடகை வீட்டுக்கு அப்படிப் போக ஏலாது."

நான் என் சுமையை நேற்று அந்தச் சாலையில் இறக்கி வைத்திருந்தேன். அதே இடத்தில் அவருடைய சனிக்கிழமைகளும் போயிருந்தன. அவர் அதைச் சொல்லவே இல்லை, சிரித்தார், செருப்பு வாங்கினார்.

"எத்தனை ரூம் வீடு பாக்கிறீங்க?" என்று கேட்டார்.

"ரெண்டு ஆன்டி."

"மூணு பார்."

 சரி என்று சட்டென்று சொல்லிவிட்டுப் பிறகு வருத்தப்படுகிற ஆள் நான் இல்லை. நாங்கள் இரண்டு அறை என்று முடிவு செய்ததற்குக் காரணங்கள் இருந்தன. அவற்றில் ஒன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் அவசரப்படுத்தவில்லை. கீழே அலை மதிலில் மோதிவிட்டுப் போனது.

"மூணு பாக்குறேன்" என்றேன். "ஆனா வர்றதுக்கு முன்னாடி போன் பண்ணணும் ஆன்டி. எப்பவும்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

"நான் கவர்ன்மென்ட்ல இருந்தவ" என்றார். "அப்பாயின்ட்மென்ட் இல்லாம ஆரையும் கவுன்டருக்கு வர விட்டதில்ல, நானும் போனதில்ல." எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார். "காலைல வெயில் வர்ற பக்கம் இருக்கிற ரூம். அதையும் பார்."

"வீடே இன்னும் பாக்கலை ஆன்டி."

"இப்பவே பாரேன். நான் லைட்ஹவுஸைப் பாத்துட்டு வாறேன்."

கோட்டைக்குள் சிக்னல் நன்றாக இருந்தது. வாடகை வீடு தேடும் செயலியில் இரண்டு என்று இருந்ததை மூன்று என்று மாற்றினேன். சுபாங் ஜெயாவில் நிறைய இருந்தன. கிழக்குப் பார்த்த ஜன்னல் உள்ள ஒரு வீட்டின் படத்தை ரமணனுக்கு அனுப்பினேன். அவன் உடனே மூன்று கேள்விக்குறிகள் போட்டான். போனைப் பைக்குள் வைத்துவிட்டு, கலங்கரை விளக்கத்துக்கு ஏறும் வழியைக் கேட்டுக்கொண்டு ஆன்டியின் பின்னால் போனேன்.